மரியோ வானத்தின் ஊதா: டிவி கேம் நிறத்தை எமுலேட்டருக்குக் கொண்டுவந்த கதை

போன தீபாவளிக்கு ஊருக்கு வந்த தம்பியிடம், ராஸ்பெர்ரி பை 4 என்ற சின்னக் கணினியில் ரெட்ரோஆர்க் என்ற எமுலேட்டரை (பழைய கேம் பெட்டிபோல நடிக்கும் மென்பொருள்) ஏற்றி, சூப்பர் மரியோவை ஓடவிட்டு ஜாய்ஸ்டிக்கைக் கொடுத்தேன். முதல் குழியைத் தாண்டுவதற்குள் நிறுத்திவிட்டான். "அண்ணே, எல்லாம் சரிதான். ஆனா இது நம்ம வானம் இல்ல. நம்ம வானத்துல கொஞ்சம் ஊதா இருக்கும்."

முப்பது வருஷத்துக்கு முன் டிவியில் மாட்டி ஆடிய கேம் பெட்டியின் ஞாபகத்தை நம்பி யாரும் வேலையில் இறங்கமாட்டார்கள். நான் இறங்கினேன். மூன்று மாத ஞாயிற்றுக்கிழமைகள் போயின. கடைசியில் தம்பி சொன்னதுதான் சரி. போன வழியைக் குறித்துவைக்கிறேன்.

முதலில் செய்தது சோம்பேறித்தனமான காரியம். எமுலேட்டரில் ஏற்கெனவே பத்துப் பதினைந்து நிறப்பட்டியல்கள் (எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்று சொல்பவை) இருக்கின்றன. ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். மரியோ வானம் அந்தக் கேம் பெட்டியின் நிற எண் 22 (இதுவும் இனி வரும் நிற எண்களும் முகவரிகளும் 0 முதல் 9, பிறகு ஏ முதல் எஃப் என்று எண்ணும் ஹெக்ஸ் முறையில்). பலரும் பயன்படுத்தும் பழைய பட்டியல் ஒன்றில் அது சிவப்பு 92, பச்சை 148, நீலம் 252. பளீரென்ற ஆகாய நீலம். இன்னொன்றில் லாவெண்டர். 'பிளேசாய்ஸ்' என்ற பெயரைப் பார்த்ததும் இதுதான் அசல் என்று நினைத்து ஒரு வாரம் அதையே வைத்திருந்தேன். முதல் தவறு அது. பிளேசாய்ஸ் 10 என்பது கடைகளில் காசு போட்டு ஆடும் பெட்டி. அதற்குள் இருந்த 2சி03 சிப் நேரடியாக சிவப்பு, பச்சை, நீலம் என்று பிரித்தே வெளியிடும், ஒவ்வொன்றுக்கும் 3 பிட். அதற்கென்று திட்டமான பட்டியல் உண்டு. வீட்டில் ஆடிய பெட்டிக்கு அப்படி ஒன்று கிடையவே கிடையாது.

இது புரிந்ததும்தான் வேலை என்னவென்று தெரிந்தது. 1983-இல் ஜப்பானில் வந்த ஃபேமிகாம் என்ற அசல் கேம் பெட்டியில் படம் வரையும் 2சி02 சிப்பும் சரி, அதைப் பார்த்துத் தைவானில் செய்த நகல் சிப்புகளும் சரி, நிறத்தைச் சிவப்பு, பச்சை, நீல எண்களாக எங்கும் வைத்திருப்பதில்லை. மஞ்சள் நிற ஆர்சிஏ வயரில் போகும் மின்னலையை மேலே கீழே வெட்டித் தள்ளும், அவ்வளவுதான். ஒரு சுற்றுக்கு 12 கட்டங்கள், கட்டத்துக்கு 30 டிகிரி. அலை எந்தக் கட்டத்தில் தொடங்குகிறதோ அது நிறம். எந்த இரண்டு வோல்ட்டுகளுக்கு நடுவே ஆடுகிறதோ அது வெளிச்சம். அதை நீலமா ஊதாவா என்று முடிவு செய்வது டிவி. ஆகவே 'சரியான நிறம்' வேண்டுமென்றால் முதலில் எந்தப் பெட்டி, எந்த டிவி என்று சொல்லியாக வேண்டும். எங்களுடையது பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறை டிவி, 50 ஹெர்ட்ஸ், நகல் பெட்டி. அமெரிக்காக்காரரும் ஜப்பான்காரரும் என்டிஎஸ்சி என்ற வேறு முறையில் ஓடும் அவரவர் டிவிக்குச் செய்த பட்டியலில் எங்கள் வானத்தைத் தேடியது என் பிழை.

பெட்டி பரணில் கிடைத்தது. அடாப்டர் செத்திருந்தது. இந்தப் பெட்டிகளில் பின்னின் நடுவில் பிளஸ்ஸா மைனஸா என்பது ஆளுக்கொரு மாதிரி. அதனால் உள்ளே இருந்த 7805 என்ற 5 வோல்ட் ரெகுலேட்டரின் காலிலிருந்து பின்னோக்கி மல்டிமீட்டரால் தொட்டுப் பார்த்து, அதன்பிறகே வேறு 9 வோல்ட் அடாப்டரைக் குத்தினேன். மூடியைத் திறந்ததும் ஒரு சந்தோஷம். பிற்காலப் பெட்டிகளில் எல்லாம் ஒரே கறுப்புப் பசைக்கட்டிக்குள் போயிருக்கும். இதில் தனித்தனியாக இரண்டு 40 கால் சிப்புகள்: நிரலை ஓட்டும் யூஏ6527பி, படம் வரையும் யூஏ6538. பக்கத்தில் 26.601712 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல். பால் முறையின் நிற அலைவரிசை 4.43361875 மெகாஹெர்ட்ஸ், அதை ஆறால் பெருக்கினால் இந்த எண். சந்தேகமே இல்லாமல் பால் பெட்டி.

டிவிக்காக அலைந்ததுதான் அதிகம். 21 அங்குலப் பிக்சர் டியூப் டிவி ஒன்று பழைய சாமான் கடையில் 900 ரூபாய். ஆட்டோவுக்கு 250. கடைக்காரர், "எதுக்கு தம்பி இது, கேபிள்கூட இப்ப வராதே" என்று கேட்டார். வானம் பார்க்க என்று சொல்லவா முடியும்? ஓரத்தில் கொஞ்சம் ஊதாக் கறை இருந்தது, ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்திருப்பார்கள் போல. ஐந்தாறு முறை, நடுவே அரைமணி ஆறவிட்டு, ஆன் செய்ததில் டிவிக்குள் இருக்கும் டிகாஸ் காயில் (காந்தக் கறையை நீக்கும் சுருள்) அதைத் துடைத்துவிட்டது. டிவியின் பின்மூடியை நான் திறக்கவில்லை. அந்த மின்னழுத்தத்தோடு விளையாட்டு வேண்டாம்.

அடுத்து அளவெடுப்பது. கைபேசிக் கேமராவை ப்ரோ மோடில் வைத்து, ஷட்டர் 1/50 நொடி, வெள்ளைச் சமநிலையைப் பூட்டி, படமெடுத்து எண்களைப் படித்தேன். ஒரே வானத்துக்கு மூன்று நாளில் மூன்று நீலம். விட்டுவிட்டேன். கல்யாண ஆல்பம் டிசைன் செய்யும் நண்பரிடம் மானிட்டர் சரிபார்க்கும் கலரிமீட்டர் உண்டு. இரண்டு கிலோ மைசூர்பாக் கொடுத்து ஒரு மாதம் வாங்கி வந்தேன். மென்பொருள் ஆர்கில்சிஎம்எஸ், இலவசம். அதில் ஸ்பாட்ரீட் என்ற கட்டளை, சென்சார் முன்னால் இருக்கும் நிறத்தை எண்ணாகச் சொல்லும். எல்சிடி முறையிலேயே விட்டு முதல் நாள் அளந்ததில் எண்கள் குதித்தன. டியூப் திரை நொடிக்கு 50 முறை மின்னி அணைகிறது. அதற்கென்று இருக்கும் சிஆர்டி முறைக்கு மாற்றியதும் அடங்கின. டிவியைப் போட்டு 40 நிமிடம் சூடாகவிட வேண்டும் என்பதும் அன்றுதான் தெரிந்தது. முதல் 20 நிமிடத்தில் வெள்ளையின் வெளிச்சம் கூடிக்கொண்டே போனது.

பெட்டி ஒரே நிறத்தைத் திரை முழுக்கக் காட்டினால்தான் அளக்க முடியும். ஆட்டத்தை ஓடவிட்டு வானத்தை அளந்தால் ஒரு நிறம்தான் கிடைக்கும். 60 கால் சோதனைக் கேசட் விலைக்கு வாங்கினால் என் பட்ஜெட்டை விழுங்கிவிடும். நானே செய்வதென்று முடிவு செய்தேன். இந்தப் பகுதிதான் எனக்குப் பிடித்தது.

செத்த கேசட் ஒன்று 50 ரூபாய். உள்ளே வழக்கம்போலக் கறுப்புப் பசை. பலகையின் அடிப்பகுதியை, தங்கநிறக் கால்கள் இருக்கும் இரண்டு சென்டிமீட்டரை மட்டும், ஹேக்சா பிளேடால் அறுத்தெடுத்தேன். கால்களின் இடைவெளி 2.54 மில்லிமீட்டர் என்பதால் சாதாரணத் துளைப்பலகையோடு ஒட்டிவரும். வழக்கமான கேசட்டில் நிரலுக்கு ஒரு சிப், படங்களுக்கு ஒரு சிப். ஆனால் எனக்குப் படமே வேண்டாமே! வரைவதை முழுக்க அணைத்துவிட்டால் இந்த இயந்திரம் பின்னணி நிறத்தைத் திரை முழுக்கப் பூசிவிடும். ஆகவே படச் சிப்பும் அதன் இருபத்து சொச்சம் கம்பிகளும் மிச்சம். முகவரிக்கு 15 கம்பி, தரவுக்கு 8, சிப்பைத் தேர்ந்தெடுக்க 44-ஆம் காலிலிருந்து 1, கரண்டுக்கு 2. மொத்தம் 26. இரண்டரை மணி நேரம் சால்டரிங்.

நிரலை எழுதிவைக்கும் சிப் டபிள்யூ27சி512. மின்சாரத்தாலேயே அழிக்கலாம், புற ஊதா விளக்கு வேண்டாம். இரண்டு வாங்கினேன், 260 ரூபாய். நிரல் எழுதும் கருவி ஏற்கெனவே என்னிடம் இருந்தது. பெட்டியின் மூளைக்குப் புரியும் 6502 அசெம்பிளி மொழியில் ஒரு பக்க நிரல்: இரண்டு திரைச் சுழற்சி காத்திரு, ஜாய்ஸ்டிக்கில் வலது அழுத்தினால் நிற எண்ணைக் கூட்டு, பின்னணி நிறத்துக்கான 3எஃப்00 முகவரியில் எழுது. எமுலேட்டரில் கச்சிதமாக ஓடியது.

பெட்டியில் போட்டேன். சாம்பல் நிறம், அசைவே இல்லை. 26 கம்பியையும் மல்டிமீட்டரின் பீப் வைத்துச் சோதித்தேன், எல்லாம் சரி. மறுநாள் பல் தேய்க்கும்போது உறைத்தது. இதில் பாதி அளவுள்ள 27சி256 சிப்பில் முதல் காலை 5 வோல்ட்டில் கட்டுவது என் கைப்பழக்கம். 512-இல் அந்தக் கால் ஏ15, அதாவது மேல்பாதியா கீழ்பாதியா என்று சொல்லும் முகவரிக் கம்பி. நான் எழுதியது கீழ்பாதியில்; பெட்டி படித்ததோ காலியான மேல்பாதியை. கம்பியைத் தரைக்கு (கிரவுண்ட், 0 வோல்ட்) மாற்றினேன்.

இப்போது நிரல் ஓடியது. ஆனால் என்ன அழுத்தினாலும் ஒரே நிறம். இதற்கு இரண்டு இரவு. வரைவது அணைந்திருக்கும்போது, நினைவக முகவரி நிறப்பகுதிக்குள் நின்றுகொண்டிருந்தால், சிப் பின்னணி நிறத்தைக் காட்டாது. முகவரி எங்கே நிற்கிறதோ அந்த நிறத்தைக் காட்டும். நான் 3எஃப்00-இல் எழுதியதும் முகவரி தானாக 3எஃப்01-க்கு நகர்ந்துவிடுகிறது. அங்கே இருந்தது ஆன் செய்தபோது கிடந்த குப்பை. எழுதி முடித்தபின் 2006 என்ற முகவரியில் இரண்டு முறை பூஜ்ஜியம் எழுதி முகவரியை வெளியே தள்ளினேன். அப்போது நான் சோதித்த பழைய எமுலேட்டர் இந்தக் குணத்தைக் காட்டவில்லை, அதனால்தான் அங்கே ஓடியது.

64 எண்களில் எல்லாவற்றையும் அளக்கத் தேவையில்லை. நான்கு வரிசை, வரிசைக்கு 12 நிறம், ஆக 48. சாம்பல் நான்கு, வெள்ளை ஒன்று (20-உம் 30-உம் ஒரே வெள்ளை), கறுப்பு ஒன்று. மொத்தம் 54. மீதியெல்லாம் கறுப்பின் நகல்கள், 0டி தவிர. அது கறுப்புக்கும் கீழே இறங்கும் கறுப்பு. அதைத் திரை முழுக்கப் பூசியபோது என் டிவி படத்தைப் பிடித்துவைக்க முடியாமல் உருட்டத் தொடங்கியது. உடனே தாண்டிவிட்டேன்.

திரையில் எண் காட்ட வழியில்லாததால் மனதுக்குள் எண்ணிக்கொண்டே அழுத்தினேன். 2ஏ அருகில் அம்மா டீ கொண்டுவந்து வைத்துவிட்டு ஏதோ கேட்டார். கணக்குப் போயிற்று. மறுபடி முதலிலிருந்து. வரிசை மாறும்போது ஒரு பீப் வைக்கலாம் என்று நிரலைத் திருத்தினேன், சத்தமே வரவில்லை. ஃபேமிகாம் கேசட்டில் ஒலி 45-ஆம் காலில் கேசட்டுக்குள் வந்து 46-இல் திரும்பிப் போகிறது. இரண்டையும் இணைக்கும் கோடு நான் அறுத்தெறிந்த பாதியில் இருந்தது. ஒரு துண்டுக் கம்பியால் சேர்த்தேன்.

டிவியின் குணத்தைத் தனியாகத் தெரிந்துகொள்ளாமல் பெட்டியின் நிறத்தைப் பேச முடியாது. பை 4-இன் ஹெட்போன் துளையிலேயே காம்போசிட் வீடியோவும் (மஞ்சள் வயரில் போகும் அதே வகை அலை) வரும். டிவி வெளியீட்டை இயக்கி, எஸ்டிடிவி மோட் 2 என்று வைத்தால் பால். 120 ரூபாய்க்கு வாங்கிய ஏவி வயரில் மஞ்சள் பின்னைக் குத்தினால் படம் இல்லை, கோடுகள்தான். பை 4-இல் தரை இருக்கும் இடத்தில் இந்த வயரில் வீடியோ. பல வயர்கள் இப்படித்தான். தரையையும் வீடியோவையும் மாற்றிச் சால்டர் செய்தேன். அதன்பின் எனக்குத் தெரிந்த சிவப்பு, பச்சை, நீலத்தை அதே டிவியில் காட்டி அளந்தேன். வண்ணப் பட்டைகள் கணக்குக்கு ஒத்துவரும்வரை 'கலர்' அளவை நகர்த்தினேன். 50-லிருந்து 44-க்கு வந்தது. நிற வரைபடத்தில் இந்த டிவியின் வெள்ளை எக்ஸ் 0.280, ஒய் 0.291. அதாவது 9300 கெல்வின் பக்கம், நல்ல நீல வெள்ளை.

பிறகு பைத்தானில் கணக்கு. 2சி02-க்கு அளந்து எமுலேட்டர் உலகில் புழங்கும் வோல்ட்டுகளை எடுத்துக்கொண்டேன்: கீழ்மட்டம் 0.350, 0.518, 0.962, 1.550, மேல்மட்டம் 1.094, 1.506, 1.962, 1.962. கறுப்பு 0.518, வெள்ளை 1.962. அலையை உருவாக்கி, டிவி செய்வதுபோலப் பிரித்து, என் டிவியின் அளவுகளால் நிறமாக்கி, அளந்த 54-ஓடு ஒப்பிட்டேன். சராசரி வித்தியாசம் டெல்டா ஈ (இரண்டு நிறம் கண்ணுக்கு எவ்வளவு வேறுபடுகிறது என்ற அளவு) 13. படுமோசம். டிவியின் டின்ட் குமிழைத் தேடினேன். பால் படத்துக்கு டின்ட் திருத்தமே கிடையாது. வரிக்கு வரி அலையைத் திருப்பி அந்தப் பிழையைத் தானே அடித்துக்கொள்வதுதான் பால் முறையின் பெருமை.

வோல்ட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நெருடி இரண்டு ஞாயிறு வீணாக்கினேன். அதற்குப் பிறகே செய்யவேண்டியதைச் செய்தேன்: ஒவ்வொரு நிறமும் நிற வட்டத்தில் எத்தனை டிகிரி விலகியிருக்கிறது என்று தனியே ஒரு பத்தி போட்டேன். 14, 16, 15, 13, 16... எல்லாம் ஒரே பக்கம். டிவியின் கோளாறாக இருந்தால் பையின் பட்டைகளும் விலகியிருக்க வேண்டும். அவை 3 டிகிரிக்குள். சிப்பின் கோளாறென்றால் இவ்வளவு ஒழுங்காக இருக்காது. அப்படியானால் கணக்கில் பிழை.

விடை பர்ஸ்டில் இருந்தது. ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் 'இதுதான் பூஜ்ஜியம், இங்கிருந்து அள' என்று டிவிக்குச் சொல்லும் சின்ன அலைத்துணுக்கு அது. என்டிஎஸ்சியில் ஒரே கோணம். 2சி02-இல் 8-ஆம் நிறத்தின் கட்டமே பர்ஸ்ட். நான் அதையே பாலுக்கும் போட்டிருந்தேன். பாலில் பர்ஸ்ட் ஒரு வரியில் கூட்டல் 135, அடுத்த வரியில் கழித்தல் 135 என்று ஊசலாடும். இரண்டுக்கும் இடையே 90 டிகிரி. இந்தச் சிப்புக்கோ 30 டிகிரிப் படிகளில்தான் கால் வைக்கத் தெரியும். 90 என்றால் சரியாக மூன்று படி, செய்துவிடலாம். ஆனால் மூன்று படிகளின் நடு எங்கே விழும்? இரண்டு படிகளுக்கு நடுவில். டிவி அந்த நடுவைத்தான் பூஜ்ஜியமாக எடுத்துக்கொள்கிறது. ஆக மொத்த நிற வட்டமும் அரைப் படி, 15 டிகிரி, திரும்பி நிற்கிறது. காகிதத்தில் வட்டம் போட்டுப் பார்த்தபோது சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

நிரலில் ஒரு எண்ணை மாற்றினேன். டெல்டா ஈ 13-லிருந்து 4.6.

அதன்பின் எல்சிடிக்குக் கொண்டுபோவதில் இரண்டு தொல்லைகள். டியூப் வெள்ளையை அப்படியே அளவு மாறாமல் கணினித் திரைகளின் வழக்கமான நிற முறையான எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிப் படத்தைத் தம்பிக்கு அனுப்பினேன். "சொட்டு நீலம் அதிகமாப் போட்ட வேட்டி மாதிரி இருக்குண்ணே" என்றான். இருட்டறையில் அந்த டிவி மட்டும் எரியும்போது கண் அதை வெள்ளையாக எடுத்துக்கொள்ளும். பக்கத்தில் கைபேசியின் வெள்ளை இருந்தால் எடுத்துக்கொள்ளாது. ஆகவே வெள்ளையை எஸ்ஆர்ஜிபியின் வெள்ளையான டி65-க்கு இழுத்துவிட்டேன். நீலச் சாயல் வேண்டுமென்றால் மானிட்டரின் 'கூல்' அமைப்பே போதும், பட்டியலில் அதைத் திணிப்பது தப்பு என்பது என் கட்சி. இரண்டாவது, சில நிறங்களில் நீலம் 255-ஐத் தாண்டியது, சில நிறங்களில் சிவப்பு பூஜ்ஜியத்துக்குக் கீழே போனது. வெறுமனே வெட்டினால் நிறமே திரும்பிவிடுகிறது. 15 டிகிரிக்காக இவ்வளவு பாடுபட்டுவிட்டு அதை இங்கே விட மனமில்லை. வெளிச்சத்தையும் கோணத்தையும் வைத்துக்கொண்டு அடர்த்தியை மட்டும் உள்ளே வரும்வரை குறைத்தேன். வானமும் அப்படிக் குறைத்த நிறங்களில் ஒன்று. அப்படியும் பழைய பட்டியலின் ஆகாய நீலத்தைவிடத் தெளிவாக ஊதா.

கடைசியில் கிடைத்தது 192 பைட் கோப்பு: 64 நிறம், ஒவ்வொன்றுக்கும் மூன்று எண். ரெட்ரோஆர்க்குக்குள் ஓடும் நெஸ்டோபியா எமுலேட்டர் கேட்கும் custom.pal என்ற பெயரிலேயே சிஸ்டம் கோப்புறையில் போட்டு, நிறப்பட்டியலைக் 'கஸ்டம்' என்று மாற்றினேன். பொங்கலுக்குத் தம்பி வந்தான். டியூப் டிவியையும் எல்சிடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓடவிட்டேன். கொஞ்ச நேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். "வானம் வந்துருச்சு. செங்கல்லு?" என்றான். நிறம் இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் டியூபில் செங்கல் ஓரத்து நிறம் பக்கத்துக் கறுப்புக்குள் கசிகிறது, எல்சிடியில் கத்தி போல நிற்கிறது. பட்டியல் தட்டை நிறத்துக்குத்தான் மருந்து. கசிவுக்கு அலையையே படமாக்கும் ஃபில்டர் வேண்டும். அது அடுத்த வேலை.

செலவு: டிவி 900, ஆட்டோ 250, சிப் 260, செத்த கேசட் 50, ஏவி வயர் 120, கம்பியும் சாக்கெட்டும் 80. ஆக 1,660 ரூபாய். மைசூர்பா வீட்டுக் கணக்கு.

மறுபடி செய்தால் ஏ15 காலுக்கு ஒரு சின்ன சுவிட்ச் வைப்பேன். ஒரே சிப்பில் இரண்டு நிரல் வைத்துக்கொள்ளலாம். ஜாய்ஸ்டிக்கைத் தூக்கிப்போட்டுவிட்டு, எட்டு நொடிக்கு ஒரு நிறம் தானாக மாறும்படி எழுதி, கலரிமீட்டரையும் அதே தாளத்தில் ஓடவிடுவேன். நிறங்களை வரிசையாக அல்லாமல் கலைத்துப்போட்டு அளப்பேன். டிவி மெல்லச் சூடேறுவது ஒரே வரிசையின் தலையில் விழாது. 2001 முகவரியில் ஒரு நிறத்தைத் தூக்கிக்காட்ட இருக்கும் மூன்று பிட்டுகளை இன்னும் தொடவில்லை. என்டிஎஸ்சியில் சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசை; பால் முறைக்கான அசல் சிப் 2சி07-இல் சிவப்பும் பச்சையும் இடம் மாறியிருக்கும். என் யூஏ6538 எந்தக் கட்சி என்று பார்க்க வேண்டும். அதற்குள் கலரிமீட்டரைத் திருப்பிக் கேட்டு நண்பர் இரண்டு முறை போன் செய்துவிட்டார்.